வெளியிலிருந்து வந்த பூச்சிக்கு உடனே மருந்து அடிப்பது சரியா?

துளிர்

எல்லோருக்கும் வணக்கம். பப்பாளியிலும் செம்பருத்தியிலும் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல ஏதோ பரவிக்கொண்டிருக்கிறது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது, உள்ளே பிசுபிசுப்பு. இது மாவுப்பூச்சி, வெளிநாட்டிலிருந்து வந்தது என்கிறார்கள். அதற்கு மேல் ஆளுக்கொரு யோசனை. இன்றைக்கே மருந்து அடி என்கிறார் ஒருவர். கையை வைக்காதே, தானாக அடங்கும் என்கிறார் இன்னொருவர்.

எனக்கு இரண்டு கேள்விகள். காலம் காலமாக இங்கேயே இருக்கும் பூச்சிகள் ஓரளவோடு நின்றுவிடும்போது, வெளியிலிருந்து வருபவை மட்டும் ஏன் இப்படிக் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன? அப்புறம், பார்த்த உடனே மருந்து அடிப்பது சரியா, தப்பா?

இலையடி

துளிர், முதல் கேள்விக்கு உங்கள் பப்பாளியே பதில் சொல்லும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பூர்வீகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அங்கே அது ஒரு பெரிய பிரச்சினையாக இருந்ததே இல்லை. அதன் உடம்புக்குள் முட்டை வைத்து, உள்ளிருந்தே தின்று தீர்க்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் அங்கே காலம் காலமாக உண்டு. 1990களில் கரீபியத் தீவுகளுக்குப் பூச்சி போனது, குளவி கூடப் போகவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு நாடாகத் தாவி, 2008இல் கோயம்புத்தூரில் கண்ணில் பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை.

மருந்து அடித்துப் பார்த்தார்கள். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு, முட்டைகளைச் சுற்றி நூல் நூலாக மெழுகுப் பை. மருந்து உள்ளே போய்ச் சேரவே இல்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக வேர் பிடித்தது. ஒரு மில்லிமீட்டர்கூட வராத உயிர். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

வெளியிலிருந்து வரும் பூச்சிக்குத் தனியாகப் பலம் எதுவும் இல்லை. எதிரியைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், பார்த்த உடனே மருந்து வேண்டாம். என்ன பூச்சி, அதன் எதிரி ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பத்து ஏக்கர்

இலையடி சார் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பூச்சி வந்தது 2008. குளவி வந்தது 2010. நடுவில் இருந்த இரண்டு வருடம் பயிர் வைத்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? கடன் வாங்கி நட்டவனிடம் போய் இலையைத் திருப்பிப் பார், எதிரி இருக்கிறதா என்று தேடு என்றால் அவன் எப்படிப் பொறுப்பான்? கண் முன்னால் கருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது. மருந்து அடிப்பவனைக் குற்றவாளியாக்காதீர்கள். வேறு வழி காட்டாமல் அடிக்காதே என்று மட்டும் சொன்னால் எப்படி?

இலையடி

ஐயா, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். மருந்து அடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அடித்த பிறகு நிலைமை மோசமாகிப் போன அனுபவம் உலகம் முழுக்க இருக்கிறது என்பதால்தான் தயங்கச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஒரு செதில் பூச்சி போய்ச் சேர்ந்தது. 1880களில் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களையே பிடுங்கி எறியும் நிலை. 1888இல் ஆல்பர்ட் கோபலே என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அடிலெய்டில் அந்தச் செதில் பூச்சியை மேய்ந்துகொண்டிருந்த சின்னச் சிவப்புப் பொறிவண்டு ஒன்றை அவர் கண்டுபிடித்தார். முதல் மூன்று தவணையில் அனுப்பிய வண்டுகள் மொத்தம் 129. லாஸ் ஏஞ்சலஸில் பூச்சி அப்பியிருந்த ஓர் ஆரஞ்சு மரத்தைத் துணியால் கூடாரம் போட்டு மூடி, உள்ளே அவற்றை விட்டுப் பெருக்கினார்கள். 1889 முடிவதற்குள் பூச்சி அடங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த பகுதி. ஐம்பது அறுபது வருடம் கழித்து, 1940களில், அதே தோட்டங்களில் வேறு பூச்சிகளுக்காக டிடிடி அடித்தார்கள். பொறிவண்டு செத்தது. மறந்தே போயிருந்த செதில் பூச்சி திரும்பவும் மரம் மரமாக அப்பிக்கொண்டது. மருந்தை நிறுத்தி வண்டைத் திரும்ப விட்ட பிறகுதான் அடங்கியது.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விஷயத்திலும் இதே கதைதான். அது வெளியிலிருந்து வந்த பூச்சி இல்லை, ஆனாலும் பாடம் ஒன்றே. அடிக்க அடிக்க, அதைத் தின்னும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப் பூச்சிகளும் செத்து, புகையான் முன்னைவிட அதிகமாகக் கிளம்பியது. 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது இதனால்தான்.

எதிரி வந்து சேராத காலத்தில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஆரம்பத்திலேயே கண்டால், அதிகம் பிடித்த கிளையை வெட்டி அங்கேயே எரித்துவிடுங்கள். இழுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கப் போகாதீர்கள், போகிற வழியெல்லாம் குஞ்சுகள் உதிரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் கணிசமாகக் கீழே விழும். அதற்கும் மேலே போனால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி. இத்தனைக்கும் அடங்காவிட்டால் மருந்து. அப்போதும் பிடித்த மரத்துக்கு மட்டும்.

எறும்பை மட்டும் மறக்காதீர்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியைக் கிட்டே அண்டவிடாது. எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

தோகை

இலையடி சொன்ன பொறுமை எல்லாப் பூச்சிக்கும் பொருந்தாது என்று சொல்லத்தான் வந்தேன். மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தால் நாள் பார்க்க முடியாது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்கா, 2018இல் இந்தியா, 2019 தொடக்கத்தில் சீனா, 2020இல் ஆஸ்திரேலியா. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது.

இதில் காலம்தான் எல்லாம். நூறு இருநூறு முட்டையை ஒரே குவியலாக இட்டு, மேலே தன் உடம்பு ரோமத்தைப் போர்த்தி வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். குஞ்சுப் புழு இலையைச் சுரண்டும், ஓட்டை போடாது. சுரண்டிய இடம் வெளுத்துக் கண்ணாடித் தாள் போலத் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பிடித்தது. வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் மாதிரி எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு மேலே எதை அடித்தாலும் அது படாது, காசுதான் போகும்.

அடையாளம் தெரியாதவர்களுக்கு: தலையில் தலைகீழாகத் திருப்பிய ஒய் எழுத்து போல வெளிர்க் கோடு. வால் பக்கம், உடம்பின் கடைசிக்கு முந்தைய வளையத்தில் சதுரத்தின் நான்கு மூலைகளில் வைத்தது போல நான்கு கரும்புள்ளிகள். இரண்டும் இருந்தால் அதுதான்.

நட்ட முதல் வாரத்திலிருந்தே வயலுக்குள் நடந்து பாருங்கள். முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவதற்கு ஈடான மருந்து இல்லை. குருத்தில் ஒரு பிடி மணல் போடுவதும் பலன் தருகிறது, உள்ளே இருக்கும் புழுவை அது உறுத்தி வெளியேற்றும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வந்துவிட்டதா என்று முன்கூட்டியே தெரியும். ஆனால் பொறி மட்டுமே பயிரைக் காப்பாற்றிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பத்து ஏக்கர்

தோகை சொல்வது காரியத்துக்கு உதவும். இப்படிப் பயிர்வாரியாகச் சொன்னால் எங்களுக்குப் புரியும்.

துளிர்

எறும்பு விஷயம் உண்மைதான், தண்டு முழுக்க வரிசையாக ஏறுகிறது. இன்னொன்றும் பார்த்தேன். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு மூன்று மட்டும் பெரிதாக இருக்கின்றன. உடம்பு முழுக்க வெள்ளையாகத் தடித்த நூல்கள் தொங்குகின்றன. மற்றவை அசையாமல் கிடக்க, இவை மட்டும் சுறுசுறுப்பாக நகர்கின்றன. இவைதான் தாய்ப்பூச்சிகளா? முதலில் இவற்றை நசுக்கிவிடவா?

இலையடி

நசுக்காதீர்கள்! அது பெரும்பாலும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலிய வண்டு, 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் புழு பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். பாவம், ஆள் தெரியாமல் அதன் மேல்தான் முதலில் மருந்து விழும்.

ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மந்தமாக நகரும், அல்லது நகரவே நகராது. இது விறுவிறுவென்று ஓடும். கால்கள் நன்றாகத் தெரியும். அது இருக்கும் இடத்தில் இலையைக் கவனித்தால் காலியான முட்டைப் பைகளும் வெறும் மெழுகுத் துணுக்குகளும் கிடக்கும். வளர்ந்த வண்டு கறுப்பு, தலையும் பின்முனையும் ஆரஞ்சு நிறம், புள்ளி இருக்காது.

இன்னொன்றையும் தேடுங்கள். மெழுகு உதிர்ந்து, உடம்பு உப்பி, பழுப்பேறி, காய்ந்த ஓடு போல ஒட்டிக்கொண்டிருக்கும் மாவுப்பூச்சிகள் கண்ணில் படுகின்றனவா? அதன் ஒரு முனையில் ஊசியால் குத்தியது போல வட்டமாகத் துளை இருந்தால், உள்ளேயிருந்து குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். அப்படி நிறையத் தெரிந்தால் உங்களுக்கு மருந்து தேவையே இல்லை, எறும்பை மட்டும் தடுத்தால் போதும்.

நாணல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பெரிய உறுத்தல். வெளியிலிருந்து வந்த பூச்சிதான் பிரச்சினை என்கிறோம். அதற்குத் தீர்வாக வெளியிலிருந்தே இன்னொரு பூச்சியைக் கொண்டுவருகிறோம். இது எங்கே போய் முடியும்?

1935இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தேரையைக் கொண்டுபோனார்கள். வண்டுகளோ கரும்பின் உச்சியில், புழுக்களோ மண்ணுக்கு அடியில். தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. அகப்பட்டதையெல்லாம் தின்று பெருகியது. அதைத் தின்ற பாம்பும் உடும்பும் விஷத்தில் செத்தன. ராட்சத ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க வேட்டை நத்தை ஒன்றை 1955இல் ஹவாயில் விட்டார்கள், 1970களில் டஹீட்டி, மூரியா தீவுகளிலும் விட்டார்கள். அது ராட்சத நத்தையை விட்டுவிட்டு அந்தத் தீவுகளுக்கே உரிய சின்ன மர நத்தைகளைத் தின்றது. எத்தனையோ வகைகள் பூண்டோடு போயின. அந்த நத்தைகளை இனி எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் இதையெல்லாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

இலையடி

நாணல், இந்தக் கவலை இருக்கத்தான் வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டிலும் தப்பு ஒரே இடத்தில்தான். தேரையும் வேட்டை நத்தையும் எதையும் தின்பவை. எதையும் தின்னும் உயிரை ஒரு பூச்சிக்காகக் கொண்டுபோய் விடுவது பெரிய ஆபத்து. ஒட்டுண்ணிக் குளவிகளில் பல ஒன்றிரண்டு இனத்தை மட்டுமே அண்டி வாழ்பவை. அந்தப் பூச்சி இல்லாவிட்டால் அதற்கு முட்டை வைக்க இடம் இல்லை. அதனால்தான் இப்போது எதிரியைக் கொண்டுவந்ததும் வெளியே விடுவதில்லை. அடைத்து வைத்து, உள்ளூரில் அதற்குச் சொந்தக்காரப் பூச்சிகள் எவை, நன்மை செய்பவை எவை என்று எடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் விட்டுப் பார்க்கிறார்கள். எதையாவது தொட்டால் திட்டத்தையே கைவிட வேண்டும்.

நாணல்

அடைத்து வைத்துப் பார்த்ததும் வெளியே நடப்பதும் ஒன்றா? ஒரே ஒரு செடி வகையை மட்டும் தின்பதுகூட இடம் மாறினால் வினையாகிறது. சப்பாத்திக் கள்ளியைத் தின்னும் அந்துப்பூச்சியைப் பாருங்கள். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடியிருந்த கள்ளியை 1930களின் தொடக்கத்திற்குள் தின்று தீர்த்தது. பெரிய வெற்றிதான். அதே பூச்சியை 1957இல் கரீபியத் தீவில் விட்டார்கள். 1989இல் அது புளோரிடாவில் தலைகாட்டியது. அங்கே கள்ளி களை கிடையாது, அந்த மண்ணின் சொந்தச் செடி. ஆஸ்திரேலியாவில் காப்பாற்றிய அதே பூச்சி புளோரிடாவில் அழிக்கிறது.

இலையடி

ஒப்புக்கொள்கிறேன். கள்ளி இயற்கையாகவே வளராத கண்டத்தில் பாதுகாப்பாக இருந்தது, கள்ளியின் சொந்தக் கண்டத்துக்கு அருகே பாதுகாப்பாக இல்லை. ஓர் இடத்தில் சரியாக வந்ததைக் காட்டி இன்னோர் இடத்துக்கு அனுமதி வாங்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கமே நிற்கிறேன். ஆனால் அதற்காக எதிரியே வேண்டாம் என்றால், மிச்சம் இருப்பது வருடா வருடம் மருந்துதான். அதன் பாதிப்பும் யாரையும் பார்த்து ஒதுங்குவதில்லை.

துளிர்

ஒரு சந்தேகம். மாவுப்பூச்சி என்றால் மாவுப்பூச்சிதானே, எந்த இனம் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டுமா?

இலையடி

தெரிய வேண்டும். இதற்கு ஒரு கண்டமே பட்ட பாடு இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ நானூறு வருடம் அங்கே பெரிய தொல்லை இல்லாமல் வளர்ந்து, கோடிக்கணக்கானவர்களின் அன்றாடச் சோறாகவே ஆகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது. செடியின் நுனி சுருண்டு, கொத்தாகக் குறுகி, இலை கொட்டியது. அடுத்த நடவுக்கு வெட்டி வைக்கும் குச்சியோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போனது. நைஜீரியாவில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் இதைக் கையில் எடுத்தார்.

எதிரியைத் தேடி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி என்று அலைந்தார்கள். அங்கே மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் எதிரிகளும் கிடைத்தன. அந்த எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூர்ந்து பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று தெளிவானது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வந்ததில் ஆணே கிடையாது, பெண் தனியாகவே குஞ்சு பெருக்கும். மற்றதில் ஆண் உண்டு.

1981இல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது. அதோடு அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தது. பிரிட்டனில் அடைத்து வைத்து, வேறு நோயோ ஒட்டுண்ணியோ கூட வரவில்லை என்று உறுதி செய்தபின் நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பெருக்கி, பின்னாளில் விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். மரவள்ளி திரும்பத் தழைத்தது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே பூச்சி 2008இல் தாய்லாந்துக்கும் 2020இல் கேரளாவுக்கும் வந்தது. ஆனால் இந்த முறை எந்த இனம், எந்தக் குளவி என்பது முன்னாலேயே தெரியும். ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதே குளவியை இரண்டு நாடுகளும் தருவித்துக்கொண்டன. பத்து ஏக்கர் ஐயா கேட்ட அந்த இடைவெளி குறைவது இப்படித்தான். இனத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஏற்கெனவே பட்டவர்களின் அனுபவம் நமக்குக் கைகொடுக்கும்.

காட்டுவழி

பயிரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், மரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிர் போனால் அடுத்த பருவம் விதைக்கலாம். எண்பது வருட மரம் போனால் நம் காலத்தில் திரும்பாது.

வட அமெரிக்காவில் ஆஷ் மரங்களுக்கு நடந்தது நெஞ்சைப் பிசைகிற விஷயம். கிழக்கு ஆசியாவிலிருந்து பளபளவென்று மரகதப் பச்சையில் ஒரு துளைப்பான் வண்டு போய்ச் சேர்ந்தது. 2002இல் டெட்ராய்ட் நகரப் பக்கம் அடையாளம் கண்டார்கள். செத்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்தபோது, அதற்கும் பல வருடம் முன்னாலேயே அது உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது. புழு பட்டைக்கு அடியிலேயே நெளிந்து நெளிந்து தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. இலை மேலிருந்து காயத் தொடங்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். பட்டையில் ஒரு பக்கம் தட்டையான, அரைவட்டச் சின்னத் துளைகள் மட்டும் மிஞ்சும். கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன.

தானாகப் பறந்து அவ்வளவு தூரம் பரவியிருக்காது. விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்தான் மாநிலம் மாநிலமாகக் கொண்டுசேர்த்தார்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்: விறகை வெட்டிய இடத்திலேயே எரியுங்கள்.

சரக்குப் பெட்டிகளுக்குக் கீழே வைக்கும் மரச்சட்டங்களில் கோதுமைக் கதிர் முத்திரை ஒன்று சூடு போட்டது போல இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? 2002இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி அது வைக்கப்படுகிறது. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 பாகை செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிடம் நிற்க வேண்டும், அல்லது புகையூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் புழு சாகத்தான் அந்த ஏற்பாடு. முத்திரை இல்லாத சட்டத்தை வாங்கி வீட்டில் அலமாரி செய்யாதீர்கள்.

பனைமட்டை

நாம் எப்போதும் வாங்கிக்கொள்ளும் பக்கமாகவே பேசுகிறோம். நம் பக்கத்துப் பூச்சி அடுத்தவர்களுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும்.

தென்னையின் காண்டாமிருக வண்டு தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் சொந்தம். இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு 1909இல் பசிபிக்கில் இருக்கும் சமோவாவுக்குப் போய்விட்டது. தென்னையை நம்பியே வாழும் தீவுகள் அவை. குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். மட்டை விரியும்போது முக்கோணமாக வெட்டுப்பட்டு நிற்கும். திரும்பத் திரும்பத் துளைத்தால் மரம் சாகும்.

பல வருடம் கையால் பொறுக்கியும், அது முட்டை வைக்கும் மட்கிய மரங்களை எரித்தும் பார்த்தார்கள். 1960களில் அலோயிஸ் ஹூகர் மலேசியாவில் இந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அது குடலைப் பிடிக்கும். நோய் கண்ட வண்டு உடனே செத்துவிடாது, பறந்து திரிந்து, எச்சத்தின் வழியாகவும் இணை சேரும்போதும் மற்றதற்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகும். 1967இல் சமோவாவில் விட்டார்கள். சேதம் நன்றாகக் குறைந்தது.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். 2007இல் குவாம் தீவில் அதே வண்டு வந்தது. வைரஸை விட்டார்கள், எடுபடவில்லை. இந்த ரகம் அந்த வைரஸுக்கு எளிதில் மசியாத ரகம். 2013இல் ஹவாயிலும் கால் வைத்துவிட்டது. எதிரியை நம்பலாம், ஆனால் எப்போதைக்கும் என்று நம்பிவிட முடியாது.

சிவப்புக் கூன்வண்டும் நம் பக்கம்தான். 1980களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைத் தோட்டங்களுக்குப் போனது, பிறகு எகிப்து, ஸ்பெயின். இடம் விட்டு இடம் எடுத்துப்போன பக்கக் கன்றுகளும் அலங்காரப் பனைகளும்தான் வாகனம். கன்றின் அடிப்பகுதிக்குள் புழு இருந்தால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

பத்து ஏக்கர்

தென்னை என்றதும் கேட்கிறேன். சுருள் வெள்ளை ஈக்கு என்ன வழி? மட்டை முழுக்கக் கறுத்துப் போய்ப் பார்க்கவே சகிக்கவில்லை. வேரில் மருந்து கட்டினால் சரியாகும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள்.

இலையடி

ஐயா, கறுப்பாகத் தெரிவது நோய் இல்லை. வெள்ளை ஈ வடிக்கும் இனிப்பு நீர் கீழ் மட்டைகளின் மேல் விழுந்து, அதில் வளரும் கரும்பூசணம். இலைக்கு வெயில் படாமல் மறைக்கிறதே தவிர, உள்ளே இறங்காது. பார்க்கப் பயமாக இருப்பதால்தான் மருந்து விற்கிறது.

இந்த ஈ மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 2004இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது. 2009இல் புளோரிடா, 2016இல் பொள்ளாச்சிப் பகுதி. இதன் ஒட்டுண்ணிக் குளவி என்கார்சியா குவாடலூப்பே யாரும் தருவிக்காமலே பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் இங்கே முதல் வேலை அதைக் கொல்லாமல் இருப்பது.

கீழ் மட்டை ஒன்றை வெட்டி அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னத் தட்டையான ஓடுகள் ஒட்டியிருக்கும். ஓட்டின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்து பிளந்திருந்தால், ஈ வளர்ந்து வெளியே பறந்துவிட்டது. சுத்தமான வட்டத் துளை இருந்தால், வந்தது குளவி. ஒரு மட்டையில் இருபது முப்பது ஓடுகளை எண்ணிப் பாருங்கள். வட்டத் துளைகள் பாதிக்கு மேல் இருந்தால் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம், கட்டவும் வேண்டாம். குறைவாக இருந்தால், குளவி நிறைய இருக்கும் தோப்பிலிருந்து அந்த ஓடுகள் உள்ள ஓலைத் துண்டுகளை வாங்கி மட்டையில் கட்டிவிடலாம். மஞ்சள் ஒட்டுப்பொறியும் தண்ணீர் பீய்ச்சுவதும் கூட உதவும். கரும்பூசணத்தையே தின்னும் ஒரு வண்டும் இருக்கிறது, இரவில் மேயும். அதையும் பூச்சி என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

பத்து ஏக்கர்

இது எண்ணிப் பார்க்கிற வேலை, செய்யலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், வட்டத் துளை குறைவாக இருந்து விளைச்சலும் அடிபட்டால் நான் மருந்தைத் தொடத்தான் செய்வேன். அதை மறைக்க விரும்பவில்லை.

இலையடி

சரி ஐயா. எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு அது, அதில் எனக்குச் சண்டை இல்லை. அடிப்பதானால் தோப்பு முழுக்க ஒரே நாளில் வேண்டாம். சில வரிசையை விட்டு வையுங்கள், குளவி மிஞ்சுவதற்கு.

துளிர்

நான் எறும்பு வரிசையைத் துண்டித்துவிட்டேன், அந்த வெள்ளைப் புழுக்களையும் விட்டுவிட்டேன். எந்த மாவுப்பூச்சி என்று உறுதி செய்ய யாரிடமாவது காட்ட வேண்டும். கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகட்டுமா?

காட்டுவழி

வேண்டாம், உயிரோடு எங்கேயும் எடுத்துப் போகாதீர்கள். வழியில் உதிரும் ஒரு குஞ்சு போதும், இன்னோர் இடத்தில் ஆரம்பிக்க.

இலையடி

காட்டுவழி சொல்வதுதான் சரி. மூடி இறுகிய சின்னக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றி, நன்றாக வளர்ந்த பெரிய பெண் பூச்சிகளாக ஒரு பத்து, மெல்லிய தூரிகையால் எடுத்துப் போடுங்கள். மாவுப்பூச்சியின் இனத்தை அதன் உடம்பைக் கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும், குஞ்சுகளை வைத்துச் சொல்வது கடினம். எந்தச் செடி, எந்தப் பகுதியில் இருந்தது, எந்தத் தேதி என்று பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். எடுக்கும் முன்னால் செடியில் இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆல்கஹாலில் விழுந்ததும் மெழுகும் நிறமும் போய்விடும். பப்பாளிக்கு ஒரு குப்பி, செம்பருத்திக்கு ஒரு குப்பி. இரண்டிலும் இருப்பது ஒரே பூச்சிதான் என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டாம்.